சாட்சியின் தங்கை

சேசு மரி சூசை துணை

ஹேக், ஹாலந்து
11-1-1954

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை ஞானம் எழுதுவது.

நான் இங்கே சுகம். குளிருக்கு மூக்கு மட்டும் எப்போதும் சிவந்தே இருக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அண்ணிக்கு மசக்கை தணிந்ததா? புளிப்பு கேட்டால் கொடுங்கள், விலாங்கு மீன் வேண்டாம்.

அண்ணா, வேலை கிடைத்துவிட்டது! இதை முதல் வரியிலேயே எழுதியிருப்பேன். சுகம் விசாரிக்காமல் விஷயத்துக்குப் போனால் உங்களுக்குக் கோபம் வருமே என்று அடக்கிக்கொண்டேன்.

சர்வதேசச் சட்டம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு தேசங்களுக்குள் தகராறு வந்தால், அல்லது ஒரு தேசத்துக்கும் வேறு தேசத்துக் கம்பெனிக்கும் வந்தால், எந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போவது? அவன் ஊர்க் கோர்ட்டை இவன் நம்பமாட்டான், இவன் ஊர்க் கோர்ட்டை அவன் நம்பமாட்டான். அதனால் ஆளுக்கு ஒரு நடுவரைப் போடுவார்கள். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாவது ஒருவரைத் தலைவராகப் பிடிப்பார்கள். மூவரும் சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அதுதான் நடுவர் மன்றம். அப்படி ஒரு மன்றத்தின் அலுவலகத்தில் நான் உதவியாளர். இரு தரப்பும் எழுதித் தரும் காகிதங்களைப் படித்து நடுவர்களுக்குச் சுருக்கித் தர வேண்டும். மன்றத் தலைவர் ஸ்விட்சர்லாந்துக்காரர், பெரிய மனிதர். என் ஆராய்ச்சியைப் படித்துவிட்டு அவரே ஆள் அனுப்பினார்.

இந்த வழக்கு முடிந்ததும் தலைவர் என்னைப் பற்றி நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்தால், இங்குள்ள சர்வகலாசாலையில் விரிவுரையாளர் இடம் எனக்குத்தான் என்று என் பேராசிரியர் சொல்கிறார். கொடுக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். எந்த வழக்கு என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்லக் கூடாது.

அண்ணிக்கு என் முத்தம்.

என்றும் உங்கள் தங்கை,
ஞானம்


சேசு மரி சூசை துணை

ராயபுரம்
30-1-1954

என் தங்கை ஞானத்துக்கு, அண்ணன் சவரிநாதன் ஆசீர்வதித்து எழுதுவது.

சர்வேசுரன் கிருபையில் இங்கே எல்லோரும் க்ஷேமம். சரக்குத் தூக்கும் வின்ச்சில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த இடுப்பு வலி, உன் கடிதம் வந்த நாளிலிருந்து எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உன் மூக்குக்குத் தைலம் தடவு. சிலுவைக்கு மசக்கை நின்றது, அதிகாரம் தொடங்கியிருக்கிறது.

மெழுகுவர்த்தி ஒன்று கேட்டாய். ஒரு கட்டே ஏற்றிவிட்டேன். கோயில்பிள்ளை முறைத்தான்.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போகிறேன். ஹார்பரில் எனக்கு அடுத்த வின்ச் ஓட்டுகிற ஜெயவேல் கேட்டான்:

"இன்னா சவரி, ஒன் தங்கச்சி ஜட்ஜாயிடுச்சாமே?"

"ஜட்ஜுங்களுக்கே எடுத்துச் சொல்ற வேலைடா."

"அப்போ ஜட்ஜுக்கும் மேலயா?"

"மேலதான்னு வெச்சுக்கோயேன்."

அது சரியில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அவன் வாயைப் பிளந்து நின்ற நிற்பைப் பார்த்தால் உன்னைக் கீழே இறக்க மனசு வரவில்லை. நம் தெருவில் படித்த பெண் என்றால் டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ். நீ மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாய், அதற்கு இங்கே பெயர் கூடக் கிடையாது. உன்னை வக்கீலுக்குப் படிக்க வைத்தபோது "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு கோர்ட்டு" என்று கேட்டவர்கள் எல்லோரும் இப்போது பூசை முடிந்து வரும்போது என்னிடம் நின்று பேசிவிட்டுத்தான் போகிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. மறைப்பானேன்?

நேரத்துக்குச் சாப்பிடு.

ஆசீர்வாதத்துடன்,
சவரிநாதன்


சேசு மரி சூசை துணை

ஹேக்
24-2-1954

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் கடிதம் கிடைத்து நாலு தடவை படித்தேன். சுகம்தானே? நான் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் சளி பிடித்து இரண்டு நாள் படுத்துவிட்டேன். அதற்குக் காரணம் ஒரு குடை.

போன வாரம் நல்ல மழை. டிராம் நிற்கும் இடத்தில் குடையில்லாமல் நின்றேன். எங்கள் வழக்கில் ஒரு தரப்பு வக்கீல் அங்கே வந்தார். தங்கமான மனிதர். பாவம், தன் குடையை என் பக்கம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தேன். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள்: மன்றத்தில் வேலை செய்கிறவர்கள் வழக்கு முடியும்வரை எந்தத் தரப்போடும், அவர்கள் வக்கீலோடும், எந்தச் சாட்சியோடும் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. கடிதம் எழுதக் கூடாது. ஒரு பொருள் வாங்கக் கூடாது, கொடுக்கக் கூடாது. வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு தரப்பு காட்டிவிட்டால், மூன்று நடுவர்கள் உழைத்துக் கொடுத்த தீர்ப்பே செல்லாமல் போய்விடலாம். என் ஆராய்ச்சி முழுக்க இதைப் பற்றித்தான். நடுவர் எப்போது விலக வேண்டும், எதற்கெல்லாம் விலக வேண்டும் என்று முந்நூறு பக்கம். அவ்வளவும் எழுதியவள் குடைக்குள் போய் நிற்கலாமா?

தலைவர் மறுநாள் நான் தும்முவதைப் பார்த்துக் காரணம் கேட்டார். சொன்னேன். தன் கைக்குட்டையைத் தந்தார். அவரிடம் வாங்கலாம், தப்பில்லை.

வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது, அண்ணா. படை வைத்திருக்கிற சர்க்கார் ஒன்று எங்கள் சின்ன அறைக்கு வந்து, எழுந்து நின்று, "மன்றம் அனுமதித்தால் பேசுகிறேன்" என்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் மயிர் கூச்செறிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணி குனிந்து தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம்.

உங்கள்,
ஞானம்


சேசு மரி சூசை துணை

ராயபுரம்
22-3-1954

என் செல்லத் தங்கை ஞானத்துக்கு,

இங்கே நானும் சிலுவையும் வயிற்றுப் பிள்ளையும் சுகம். உன் சளி போயிற்றா? உன் குடைக் கதையைச் சிலுவைக்குப் படித்துக் காட்டினேன். சட்டம் வந்த இடத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. மிச்சத்தை அவளே வாங்கிப் படித்துக்கொண்டாள்.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் 'அரிஸ்டெல்லா' என்று ஒரு கப்பல் கோதுமை ஏற்றிக்கொண்டு நம் ஹார்பருக்கு வந்தது. அதற்கு வின்ச் ஓட்டினவன் நான். சரக்கறை மூடியைத் தூக்கியதும் குப்பென்று புளித்த நாற்றம், உள்ளே இறங்கின ஆள் வாந்தி எடுத்தான். அந்தக் கோதுமை வரும் வழியில் கடல் தண்ணீர் பட்டுக் கெட்டதா, இங்கே மூடியைத் திறந்து போட்டு நம் ஊர் மழையில் கெட்டதா என்று, கோதுமை அனுப்பிய தேசத்துக்கும் கப்பல்காரனுக்கும் பெரிய வழக்காம். கோதுமைக்காரர்கள் பக்கத்து வக்கீல் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து என்னிடம் வாக்குமூலம் எழுதினார். மூக்கில் பட்டதை அப்படியே சொன்னேன்.

முடிந்ததும், "இந்தக் காகிதம் எங்க சார் போவுது?" என்று கேட்டேன். ஹேக் நகரத்து நடுவர் மன்றத்துக்கு என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

"அட, அங்கதான் சார் என் தங்கச்சி கீது! டாக்டர் ஞானம். ஜட்ஜுங்களுக்கு எடுத்துச் சொல்றதே அதுதான். சவரி பொய் பேசுவானான்னு அதுகிட்டயே கேட்டுப் பாருங்க, சொல்லும். எய்திக்கோ சார்."

"இதெல்லாம் எழுதணுமா?" என்று இழுத்தார்.

"இன்னாத்துக்கு எய்தக் கூடாது? நெசந்தானே?"

கடைசியில் அதையும் இங்கிலீஷில் தட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். உன் பெயர் என் வாக்குமூலத்தில் ஏறி உன் மேஜைக்கே வரப்போகிறது. பார்த்ததும் சிரி.

இனி முக்கியமான விஷயம். பிள்ளை ஜூன் முதலில் பிறக்குமாம். ஆணோ பெண்ணோ, ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் நீதான். நீ வர முடியாதே என்று பங்குச் சாமியார் இன்னாசியிடம் கேட்டேன். நீ சம்மதம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதுமாம். பக்கத்து வீட்டு ஜெரினா உனக்குப் பதிலாக நின்று பிள்ளையைப் பிடிப்பாள், கோயில் பதிவில் உன் பெயர்தான் ஏறும். ஒரே ஒரு வரி. உடனே போடு.

அன்புடன்,
சவரிநாதன்


சேசு மரி சூசை துணை

ராயபுரம்
2-5-1954

தங்கை ஞானத்துக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு எழுது. மார்ச்சில் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால் தொலைந்ததோ, உனக்கு வேலையோ, தெரியவில்லை. மறுபடியும் சளி பிடித்துப் படுத்துவிட்டாயோ என்று சிலுவை கவலைப்படுகிறாள்.

நம் தெரு ராமதாஸ் ராட்டர்டாம் போகிற கப்பலில் சமையற்கட்டு வேலைக்கு ஏறியிருக்கிறான். அவன் கையில் உனக்கு நெத்திலிக் கருவாடும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்துவிட்டிருக்கிறேன். ஊறுகாய் சிலுவை போட்டது. அவன் உன் விலாசத்துக்கே வந்து கொடுப்பான்.

அந்த ஒரு வரியை மறக்காதே.

சவரிநாதன்


சேசு மரி சூசை துணை

ராயபுரம்
15-6-1954

ஞானம்,

பெண் பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் சுகம். உன்னைப் போலவே நெற்றி. பிறந்ததும் சண்டைக்கு நிற்கிறவள் போலக் கையை மூடிக்கொண்டு கத்தினாள். உனக்கு எழுத வேண்டும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

இன்னும் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சாமியார் ஞானஸ்நானத்தைத் தள்ளக் கூடாது என்கிறார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள், என் தங்கச்சி கையெழுத்து வந்துவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ சுகமாக இருக்கிறாயா என்பதாவது தெரிந்தால் போதும் எனக்கு.

சவரிநாதன்


ராயபுரம்
28-7-1954

டாக்டர் ஞானம் அவர்களுக்கு,

தாங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று ராமதாஸ் மூலம் அறிந்தேன். கப்பல் திரும்பி நேற்று நேரே என் வீட்டுக்கு வந்தான். கையில் அதே கருவாடு, அதே ஊறுகாய். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"இன்னா நைனா, ஒன் தங்கச்சி கதவ தொறந்து என் மூஞ்சியப் பாத்து சிரிச்சுது. அண்ணன் குடுத்து அனுப்ச்சாருன்னு நீட்டினேன் பாரு, ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிச்சு. எத்தினி சொல்லியும் வாங்கல. அண்ணன் எப்டி கீறாருன்னு ஒரு வார்த்த கேக்கல. கதவ சாத்திக்கிச்சு."

ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு லூர்துமேரி என்று ஞானஸ்நானம் ஆயிற்று. ஞானத்தாய் ஜெரினா. பதிவிலும் அவள் பெயர்தான். தாங்கள் பெரிய இடத்தில் இருக்கிறீர்கள், எங்கள் கருவாட்டு நாற்றம் அங்கே ஆகாதுதான்.

அரிஸ்டெல்லா விஷயமாகக் கப்பல்காரன் பக்கத்து வக்கீலும் என்னைக் கேள்வி கேட்க வேண்டுமாம். வருகிற மாதம் இருபதாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன்.

தங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
அ. சவரிநாதன்


சேசு மரி சூசை துணை

ராயபுரம்
8-8-1954

அன்புள்ள ஞானத்துக்கு அண்ணி சிலுவையம்மாள் எழுதுவது.

நானும் பிள்ளையும் சுகம். உன் அண்ணனும் சுகம். கோபம் வந்தால் அவருக்கு நன்றாகப் பசிக்கும், ஆகையால் கவலைப்படாதே. அவர் போன கடிதத்தில் உன்னை 'அவர்களுக்கு' என்றும் 'தாங்கள்' என்றும் எழுதியதை நான் பார்த்தேன். கிழிக்கச் சொன்னேன், கேட்கவில்லை.

பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். குடைக் கடிதத்தில் 'எந்தச் சாட்சியோடும்' என்று எழுதியிருக்கிறாய். உன் அண்ணன் தூங்கிப்போனது அதற்கு ஒரு வரி முன்னால்.

எங்கள் அப்பா காசிமேட்டுப் பஞ்சாயத்தில் உட்காருகிறவர் என்று உனக்குத் தெரியும். ஒரு தடவை வலை அறுந்த தகராறில் ஒரு தரப்பு என் அத்தை வீடாகப் போயிற்று. தீர்ப்புச் சொல்கிறவரை அப்பா அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கவில்லை, தெருவில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டார். அத்தை மண்ணை வாரித் தூற்றினாள். தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போய், "தங்கச்சி, பசிக்குது" என்று உட்கார்ந்தார். நீ எங்கள் வீட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாய். வேறொன்றும் இல்லை. எனக்குப் புரிகிறது.

உன் அண்ணனிடம் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் இருபதாம் தேதி வக்கீல் முன்னால் போய் நின்று, "என் தங்கச்சி நாணயத்த பாத்தியா சார்" என்று தொடங்கிவிடுவார். ஒரு தடவை பெருமை பேசியதே போதும். கோபமாகவே போகட்டும். கொஞ்ச நாளைக்குத் திட்டினால் திட்டட்டும். எனக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது.

பதில் போடாதே. இதைப் படிக்கக் கூடாது என்றால் படிக்காமலே புரிந்துகொள்.

உன் அண்ணி,
சிலுவையம்மாள்


சேசு மரி சூசை துணை

ஹேக்
3-12-1954

என் அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகமா? இத்தனை மாதம் கழித்துக் கேட்கிறேன். நேற்றுத் தீர்ப்பு வந்துவிட்டது. இன்றைக்குக் காலையில் அலுவலக இரும்புப் பெட்டியைத் திறந்து உங்கள் கடிதங்களை என் கையில் கொடுத்தார்கள். மே மாதத்திலிருந்து வந்தவற்றைப் பிரிக்காமலே அங்கே ஒப்படைத்திருந்தேன். வரிசையாக வைத்துப் படித்தேன், அழுதேன், இப்போது எழுதுகிறேன்.

உங்கள் மார்ச் கடிதத்தை மட்டும் வந்த அன்றே படித்தேன். சிரித்துக்கொண்டே படித்தவள் 'அரிஸ்டெல்லா' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். என் மன்றத்தின் வழக்கு அதுதான். என் சொந்த அண்ணன் அதில் சாட்சி, அதுவும் எனக்கே சாட்சி சொல்லச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிற சாட்சி! உங்கள் வாக்குமூலம் அப்போது மன்றத்துக்கு வந்து சேரவில்லை, இங்கே ஒருவருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். ஞானத்தாய் விஷயத்தையும் விடவில்லை.

தலைவர் அதை இரு தரப்புக்கும் தெரிவித்தார். கப்பல்காரர் பக்கத்து வக்கீல்கள் என்னை விலக்கச் சொன்னார்கள். நியாயம்தான், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். தலைவர், "முதலில் அந்த அண்ணனை விசாரியுங்கள், பிறகு முடிவு சொல்கிறேன்" என்றார். அதுவரை அந்தக் கப்பல் சாட்சிகளின் காகிதத்தை நான் தொடக் கூடாது. தீர்ப்பு வரும்வரை என் வீட்டோடு எழுத்தும் கூடாது. ஏன் எழுதவில்லை என்பதைக் கூட எழுதக் கூடாது. அலுவலகத்திலிருந்தாவது ஒரு வரி போடுங்கள் என்று கெஞ்சினேன். சாட்சிக்கு மன்றத்திலிருந்து எதுவும் போகாது என்றார். அவர் சொன்னது சரி. என் ஆராய்ச்சியில் நானே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். எழுதும்போது இவ்வளவு வலிக்கும் என்று தெரியவில்லை.

ராமதாஸ் பொட்டலத்தை நீட்டியபோது கருவாட்டு வாசனை வந்தது. கையை முன்னால் வைத்திருந்தால் வாங்கியிருப்பேன், அண்ணா. நாற்றம் என்று எழுதிவிட்டீர்களே.

அக்டோபரில் ஒருநாள், சென்னையில் உங்களைக் கேட்ட கேள்வியையும் நீங்கள் சொன்ன பதிலையும் மன்றத்தில் வாசித்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷில்தான் வாசித்தார்கள், ஆனால் எனக்கு உங்கள் குரலில்தான் கேட்டது. நீங்கள் இப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்:

"இந்த வழக்கைப் பற்றி உங்கள் சகோதரி ஏதாவது எழுதினாரா?"

"வயக்கப் பத்தியா? அது எதப் பத்தியும் எய்தல சார். அண்ணங்காரன் உசுரோட கீறானா செத்தானான்னு கூட கேக்கல."

"நீங்கள் ஏதாவது கொடுத்து அனுப்பினீர்களா?"

"கருவாடு அனுப்ச்சேன். அதக் கூட வாங்கல. எனுக்குப் பொண்ணு பொறந்து ரெண்டு மாசமாவுது. இன்னும் ஒரு வரி வரல. இதுக்கு ஒரு அத்த கீதுன்னு சொல்லிக்கவே வெக்கமா கீது. இதையும் எய்திக்கோ சார்."

எனக்கு ஒரு மருமகள் பிறந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மூன்று நடுவர்கள், இரண்டு தரப்பு வக்கீல்கள், அத்தனை பேருக்கும் நடுவில். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கப்பல்காரர் பக்கத்துப் பெரிய வக்கீல் எழுந்தார். "எங்கள் ஆட்சேபணையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். இவ்வளவு கோபத்தை யாரும் சொல்லிக் கொடுத்து வரவழைக்க முடியாது" என்றார். தலைவர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லோர் முன்னாலும், இந்தப் பெண் இந்த மன்றத்தின் மானத்தைக் காப்பாற்றினாள் என்று சொன்னார். பிறகு மூன்று நடுவர்களும் எழுந்து நின்றார்கள். சபை கலைந்த பின் தலைவர் என் பக்கத்தில் வந்து, குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டார். தெரியாது என்றேன்.

இடம் கிடைத்துவிட்டது. தலைவர் தீர்ப்புக்குக் காத்திராமல் அக்டோபரிலேயே எழுதிக் கொடுத்த கடிதத்தைப் படித்துவிட்டுச் சர்வகலாசாலை உடனே நியமனம் அனுப்பியது. பிப்ரவரியிலிருந்து நான் விரிவுரையாளர். இதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் படித்தேன், ஆனால் இன்றைக்கு அது இரண்டாவது சேதியாகப் போய்விட்டது.

முதல் சேதி, பெயர் தெரிந்துவிட்டது. லூர்துமேரி. காலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஞானத்தாய் ஆகும் பாக்கியம் எனக்குப் போயிற்று. ஜெரினா நல்லவள், நன்றாகப் பார்த்துக்கொள்வாள். அண்ணியின் கடிதத்தை மார்போடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் ஜூலைக் கடிதத்தை மட்டும் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை. கோபம் தீராவிட்டால் திட்டுங்கள், அண்ணா. 'நீ' என்று கூப்பிட்டுத் திட்டுங்கள்.

உங்கள் ஞானம்


சேசு மரி சூசை துணை

ராயபுரம்
19-12-1954

என் தங்கை ஞானத்துக்கு,

நீ. நீ. நீ. எத்தனை வேண்டுமோ எடுத்துக்கொள்.

நாங்கள் சுகம். நான்தான் கொஞ்ச நாளாக மனுஷனாகவே இல்லை. உன் கடிதத்தை ஹார்பர் வாசலிலேயே பிரித்துவிட்டேன். பாதியில் கண் மறைத்துப்போய், மீதியை ஜெயவேல்தான் எழுத்துக் கூட்டிப் படித்தான். வீட்டுக்கு வந்து சிலுவையிடம் சொன்னால், எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும் என்கிறாள்! அரை நாள் அவளோடு பேசவில்லை. என் வீட்டுக்குள்ளேயே எனக்குத் தெரியாமல் ஒரு நடுவர் மன்றம் நடந்திருக்கிறது, பார்.

ஜெயவேலிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "என் தங்கச்சி எனக்குக் கடுதாசி போடாததுக்கு மூணு தேசத்து ஜட்ஜுங்க எய்ந்து நின்னாங்கடா."

"என் தம்பி கூடத்தான் எனக்குப் போடறதில்ல. அவனுக்கு யாரு எய்ந்து நின்னா?" என்கிறான். இவனுக்கு என்ன சொல்லிப் புரிய வைப்பது?

ஞானம், உன்னைப் பற்றி எனக்கு எப்போதும் பெருமைதான். ஆனால் அதெல்லாம் பெரிய படிப்பு, பெரிய ஊர் என்கிற பெருமை. எங்களைச் சும்மா நினைத்தாலே அழுகிற பெண் நீ, எட்டு மாதம் எங்களை நினைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தாயே, அதை நினைத்தால் உன் முன்னால் எழுந்து நிற்க வேண்டும் போல இருக்கிறது. இதை ஹார்பரில் சொல்லமாட்டேன். உனக்கு மட்டும்.

நேற்று இன்னாசி சாமியாரிடம் ஓடினேன். பதிவில் ஜெரினா பெயரை அடித்து உன் பெயரை ஏற்றுங்கள் என்று கேட்டேன். ஒரு தடவை எழுதினது எழுதினதுதான், சண்டை போடாதே என்று சொல்லிவிட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்கும். உட்காரச் சொல்லிவிட்டு ஒரு விஷயம் சொன்னார். பிள்ளை வளர்ந்து உறுதிப்பூசுதல் வாங்கும்போது மறுபடியும் ஒரு ஞானத்தாய் நிற்க வேண்டும். ஞானஸ்நானத்துக்கு நின்றவள் அதற்கு நிற்கக் கூடாதாம். வேறு ஆள்தான் நிற்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டமாம். சட்டம் என்றால் தூங்கிப்போகிறவன், அன்றைக்கு இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஜெரினாவிடம் சொன்னேன், "தாராளமா ஞானம் அக்கா நிக்கட்டும்" என்றாள்.

அதற்கு இன்னும் ஏழெட்டு வருஷம் இருக்கிறது. அதுவரை நீ படித்துச் சொல்லிக் கொடு, இன்னும் பெரிய வேலைக்குப் போ, தேசத்துக்குத் தேசம் தகராறு தீர்த்து வை. ஆனால் பிஷப் மேற்றிராணியார் வந்து பிள்ளை நெற்றியில் எண்ணெய் பூசும்போது, ஞானத்தாய் அவள் தோளில் வலது கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குக் கையெழுத்து அனுப்பினால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். உனக்குப் பதில் வேறு யாரையும் நிறுத்தவும் மாட்டேன். நீயே வந்து நில்.

உன் அண்ணன்,
சவரிநாதன்